கோதுமை இல்லாத சமையல், கட்டுப்படியாகும் செலவில்: கடலூர்க் குடும்பம் ஒன்றுக்கு

கேள்வி இது: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து பேர் உள்ள குடும்பம். கணவன், மனைவி, மாமியார், 9 வயதுப் பெண், 5 வயதுப் பையன். பெண்ணுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது, இனி கோதுமை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியே எல்லாவற்றையும் ஆர்கானிக்காக மாற்றிவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்லியிருக்கிறார்கள். க்ளூட்டன் ஃப்ரீ மாவு, பிஸ்கட், ஆர்கானிக் அரிசி, பருப்பு என்று வாங்கியதில் மளிகை பில் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரே சம்பளத்தில் இதை எப்படி ஓட்டுவது?

முதலில் இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். கோதுமை இல்லாத சாப்பாடு உங்கள் பெண்ணுக்கு மருந்து மாதிரி. அதில் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்ற பேச்சே கிடையாது. ஆர்கானிக் உங்கள் விருப்பம். முடிந்த மாதம் கூட்டிக்கொள்ளலாம், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாதம் குறைத்துக்கொள்ளலாம். அதனால் அவள் குடலுக்கு எந்தக் கெடுதலும் வராது. பெரிய கடைகளில் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி, ஒரே பாக்கெட்டில் இரண்டு பெயரையும் போட்டு விற்கிறார்கள். பில் எகிறியது அந்த அலமாரியில்தான்.

க்ளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். சம்பா ரவையும் கோதுமையே, பெயரைப் பார்த்துச் சம்பா அரிசி என்று நினைத்துவிட வேண்டாம். சீலியாக் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். அங்கே சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் என்ற விரல் போன்ற சின்ன மடிப்புகள் தேய்ந்து போகும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து இறங்கும், எடை ஏறாது, வளர்த்தி நிற்கும். வெளியே தெரிகிற வயிற்று வலியோ பேதியோ இல்லாமலும் உள்ளே சேதம் நடந்துகொண்டே இருக்கும். ஒரு வாய் பரோட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மாமியார் கேட்டால், இதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் கோதுமையை நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பையனுக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி என்கிற இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்தி மாதக்கணக்கான பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது.

இனி சமையல். வட இந்தியக் குடும்பத்துக்கு இந்த நோய் வந்தால் மூன்று வேளையும் தலைகீழாகிவிடும். நமக்கு அப்படி இல்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை, சோறு, குழம்பு, கூட்டு எதிலும் கோதுமை கிடையாது. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் மாற வேண்டியது ராத்திரிச் சப்பாத்தி, ரவா உப்புமா, சேமியா, பிரட், பிஸ்கட், பாலில் கலக்கும் ஹெல்த் டிரிங்க், வாரக் கடைசிப் பரோட்டா. இவ்வளவுதான். இதில் எதற்குமே க்ளூட்டன் ஃப்ரீ என்று அச்சடித்த மாவு தேவையில்லை. சப்பாத்தி போலவே இருக்க வேண்டும் என்று செய்த அந்தக் கலவை மாவு விலையும் அதிகம், தேய்த்தால் உடைந்தும் போகும். சப்பாத்தி மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடுவதை விட்டாலே பாதிச் செலவு குறையும்.

ராத்திரிக்குக் கேழ்வரகு அடை போடுங்கள். முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சூடான தண்ணீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டால் குழந்தைகளே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ரவா உப்புமாவுக்குப் பதில் அரிசி உப்புமா. சேமியாவுக்குப் பதில் இடியாப்பத்தை உதிர்த்துத் தாளியுங்கள். ஹெல்த் டிரிங்க் பெரும்பாலும் பார்லி, கோதுமையை முளைகட்டிச் செய்த மால்ட்தான், டப்பாவையே வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதில் கேழ்வரகுப் பால்: முழுக் கேழ்வரகை ராத்திரி ஊறவைத்துக் காலையில் மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, வெல்லம் போட்டுக் காய்ச்சுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசி, கோதுமை எதுவும் அதன் கிட்டே வராது. குடல் சரியாகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிக்கனமான டானிக் கிடைக்காது.

கூழைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆடி மாதக் கோயில் கூழ் தவிர வேறு கூழ் தெரியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை ராத்திரியே தண்ணீரில் கரைத்து மூடி வைத்துவிடுங்கள், மறுநாள் சாயங்காலத்துக்குள் நன்றாகப் புளித்திருக்கும். அரை டம்ளர் நொய்யைத் தாராளமாகத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, நொய் குழைந்ததும் இந்தக் கரைசலை ஊற்றிக் கட்டி விழாமல் துழாவிக்கொண்டே இருங்கள். கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறவிட்டு, காலையில் ஒரு கட்டி எடுத்து மோர், உப்பு, நறுக்கிய வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் ஐந்து பேருக்குக் காலைச் சாப்பாடு முடிந்தது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ முந்தின நாள் மத்திக் குழம்போ இருந்தால் போதும். விலை கணக்குப் போட்டால் பிரட்டும் ஜாமும் அதைவிட அதிகம் வரும், க்ளூட்டன் ஃப்ரீ பிரட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது வேண்டுமென்றால் புதுச்சேரி வெள்ளை நகரத்திலும் ஆரோவில் பக்கத்திலும் கிடைக்கும். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுங்கள், மாதச் சாமானில் சேர்க்காதீர்கள்.

தின்பண்டத்துக்குக் கடலை உருண்டை, எள்ளுருண்டை, அவல், பொரி, அவித்த மரவள்ளி, தை மாதம் பனங்கிழங்கு. பண்ருட்டி பக்கம் போனால் உடைந்த முந்திரி வாங்கி வையுங்கள், முழு முந்திரி விலை இருக்காது. கடை முறுக்கில் மைதா கலந்திருக்கலாம். முறுக்கை வீட்டில் சுடுவது நல்லது.

காசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்தான் வேண்டும் என்கிற இடம் ஒன்று இருக்கிறது: தெரியாமல் கலந்துவரும் கோதுமை. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பிள்ளையின் உடம்பு தேறாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

பெருங்காயத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடையில் விற்பது கலப்புப் பெருங்காயம். சுத்தமான பிசின் காரம் அதிகம் என்பதால் மாவும் கோந்தும் சேர்த்துத்தான் விற்கிறார்கள், அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் அதற்கு வேறு வழி கையிலேயே இருக்கிறது: வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்துக் கோடையில் உருட்டிக் காயவைத்த வடகத்தைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் பெருங்காயம் இல்லாத குறையே தெரியாது. வடகத்தை வெளியே வாங்கினால் அதில் பெருங்காயம் போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாவு மில். காலையில் யாரோ ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், முதலில் விழுவது அவர்கள் மாவு. ஈர அரிசி அரைக்கத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் முடிந்த அளவுக்கு மில்லையே தவிர்த்துவிடலாம். மூன்று பங்கு முழுக் கேழ்வரகு, ஒரு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து கிரைண்டரில் அரைத்தால் தோசை மாவு தயார், மில்லுக்கு வேலையே இல்லை. கம்பையும் இப்படி அரைக்கலாம். கம்பு மாவை நிறைய அரைத்து வைக்காதீர்கள், சில நாளிலேயே காரல் வாடை அடித்துக் கசந்துவிடும். மூட்டையில் வாங்கும் சிறுதானியத்தில் இரண்டொரு கோதுமை மணி கிடப்பது சகஜம். முறத்தில் போட்டுப் பொறுக்கி, கழுவிக் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கண் நன்றாகத் தெரிந்தால் மாமியாருக்கு ஏற்ற வேலை.

பாத்திரத்தில் சல்லடைதான் முதல் எதிரி. கோதுமை மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு நிற்கும். சல்லடை, சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி, இட்லித் துணி, மிக்ஸியில் ஒரு ஜார், ஒரு தோசைக்கல், இவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். ஒரு தடவைச் செலவு. வீட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே சமையல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு அடுப்பு, இரண்டு மாவு என்கிற தொல்லை இல்லை. உங்கள் கணவருக்குப் பரோட்டா இல்லாமல் முடியாதென்றால் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும், பார்சல் வேண்டாம்.

ஹோட்டலில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு நம்பலாம். இட்லியிலும் ரவை சேர்க்கும் கடை உண்டு, கேட்டுவிடுங்கள். தோசை வேண்டாம்: ராத்திரி பரோட்டா போட்ட கல்லில்தான் அதுவும் வார்ப்பார்கள், மொறுமொறுப்புக்கு ரவையோ மைதாவோ சேர்ப்பதும் உண்டு. சாம்பாரில் பெருங்காயம். குருமா கெட்டியாக இருக்க மைதா கரைத்து ஊற்றும் கடைகளும் உண்டு. காலிஃப்ளவர் 65, பொரித்த மீன் எல்லாம் மேல்மாவைப் பொறுத்தது. திருவந்திபுரத்தில் முகூர்த்தம், பாதிரிப்புலியூரில் காதுகுத்து என்று பந்தியில் உட்கார வேண்டி வந்தால், சோறு, தயிர், வாழைப்பழம் போக மீதியைக் கையிலேயே கொண்டுபோய்விடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

பாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நேரத்தில் முத்திரைக்கு மதிப்பு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி க்ளூட்டன் ஃப்ரீ என்று போட்டால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸ் போன்றவற்றுக்கு இந்த முத்திரையைப் பாருங்கள், சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும். பச்சரிசிக்கும் துவரம்பருப்புக்கும் அதே முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அவற்றைப் பொறுக்கிக் கழுவினால் போதும்.

சரி, ஆர்கானிக். ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் சுமார் 45 கிலோ தானியம் செலவாகும். கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் 1,800 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் சம்பளம் எப்படித் தாங்கும்? எதில் பூச்சிமருந்து அதிகம் அடிக்கிறார்கள், எதில் குறைவு என்று பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் கறிவேப்பிலை. தினமும் எல்லாக் குழம்பிலும் விழுகிறது, கடையில் வாங்குவதில் மருந்தும் அதிகம். இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் பரிசோதனை வைத்ததே அதனால்தான். மஞ்சக்குப்பத்தில் தனி வீடென்றால் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி நட்டுவிடுங்கள். மாடி வீடென்றால் தொட்டியில் கறிவேப்பிலை, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. இதுதான் உண்மையான ஆர்கானிக், சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்து கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃப்ளவர். பூச்சி அதிகம் விழுவதால் மருந்தும் அதிகம். இவற்றை இயற்கை முறையில் விளைவிப்பவரிடம் வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சுரைக்காய், பூசணி, கருணைக்கிழங்கு, வாழைத்தண்டு, வாழைப்பூ வரட்டும். பண்ருட்டிப் பலா காய்க்கும் காலத்தில் பலாமூசு என்கிற பலாப் பிஞ்சும் அப்புறம் பலாக்கொட்டையும் மலிவு. சாதாரணக் காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மேலே ஒட்டியது கொஞ்சம் போகும், உள்ளே இறங்கியது போகாது.

உழவர் சந்தையில் வாங்கினால் ஆர்கானிக் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1999-ல் அந்தத் திட்டம் வந்தது தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்பதற்காக. மருந்து அடித்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால் கேட்கலாம். பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே இயற்கை முறையில் செய்பவர் மீன் அமிலம் ஊறப்போட்டது, பஞ்சகவ்யம் கெட்டுப்போனது, போன வருஷம் பாதிக் காயைப் புழு தின்றது என்று பேச ஆரம்பித்துவிடுவார், நிறுத்த முடியாது. ஒன்றுமே அடிப்பதில்லை, எல்லாம் சூப்பராக வருகிறது என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள்.

பாக்கெட்டென்றால் ஜெய்விக் பாரத் என்ற அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்க வேண்டும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து தரும் பிஜிஎஸ் சான்றில் பிஜிஎஸ் கிரீன் என்றிருந்தால் நிலம் இன்னும் ஆர்கானிக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முழு ஆர்கானிக் விலை கொடுக்க வேண்டியதில்லை. வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்து நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. அதனால் முத்திரை இல்லை என்பதற்காகவே பாகூர்ப் பக்கத்து விவசாயியை ஒதுக்கிவிடாதீர்கள்.

சிறுதானியத்துக்கு ஆர்கானிக் பாக்கெட் வாங்குவதைத் தாராளமாக நிறுத்தலாம். மானாவாரியில் விளையும் வரகு, சாமை, கம்புக்குப் பூச்சிமருந்துத் தேவையே குறைவு. அதில் கவனிக்க வேண்டியது தவிடு: பாலிஷ் போட்டு வெள்ளையாக்கியதை வாங்காதீர்கள்.

அரிசியில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இட்லி தோசைக்கு ரேஷன் புழுங்கல் அரிசி போதும், தமிழ்நாட்டில் அது 2011 ஜூனிலிருந்து இலவசம். அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசி கலந்திருக்கலாம். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செய்தது அது. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்களே, அதுதான். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு அது வேண்டியது, எறியாதீர்கள். சோற்றுக்கு மட்டும் இயற்கை விவசாய அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். கிச்சிலிச் சம்பாவோ தூயமல்லியோ தினச் சோற்றுக்குச் சரியாக இருக்கும். கருப்புக் கவுனி எப்போதாவது இனிப்புக்கு. தை அறுவடை முடிந்ததும் மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து விவசாயியிடம் நெல்லாகவே வாங்கி வைத்தால் கடை விலையைவிட நன்றாகக் குறையும், வண்டு தொல்லையும் அரிசிக்கு இருக்கிற அளவு இருக்காது. 100 கிலோ நெல் அரைத்தால் 65 கிலோ அளவுக்கு அரிசி நிற்கும். அரைக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எண்ணெய்க்கும் இதே வழிதான். விருத்தாசலம் பக்கம் மணிலா (வேர்க்கடலை) அறுவடையாகும்போது பருப்பாக வாங்கிச் செக்கில் கொடுங்கள். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வரும், புண்ணாக்கை மாடு வைத்திருப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தக் காசைக் கழித்துப் பார்த்தால் பாட்டிலில் விற்கும் செக்கு எண்ணெயைவிடக் குறைவாகத்தான் வரும்.

மீனில் ஆர்கானிக் கேள்வியே இல்லை. முதுநகர்த் துறையில் மத்தி, நெத்திலி, காரப்பொடி வருகிற நாளில் வாங்குங்கள், வஞ்சிரத்தை மறந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்குக் கருவாடும் முட்டையும் பயறும் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். பெண் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படித்தால் காலை உணவுத் திட்டத்தில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, பொங்கல் போடும் நாளிலும் கூட வரும் சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். அவள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். டாக்டர் சீட்டின் நகலோடு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் டீச்சர் மாறும்போது மறந்துபோகும். தம்பி அங்கன்வாடி போனவன் என்றால் வீட்டில் சத்துமாவு பாக்கெட் மிச்சம் இருக்கலாம். அதிலும் கோதுமை மாவு இருக்கிறது, இவள் கைக்கு எட்டாமல் அகற்றிவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே டிடிஜி பரிசோதனையைத் திரும்ப எடுப்பார்கள். அளவு இறங்கியிருந்தால் இப்படியே போகலாம். இறங்காமல் நின்றால், டாக்டரிடம் போவதற்கு முன் பெருங்காய டப்பா, மில், பள்ளிக்கூட டிபன், பக்கத்து வீட்டு பிஸ்கட் ஆகிய நான்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும்.